தினமும் ஓட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: மலையகத்தில் வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் முழு வழிகாட்டி

காலை ஆறரைக்குத் தலவாக்கலையில் என் கார் கிளம்பும்போது, முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நிற்பவர்களில் ஒருவராவது கேட்பார்: "இன்றைக்குப் போய்ச் சேருமா, சேர்?" கேலி பாதி, அக்கறை பாதி. கார் 1990ஆம் ஆண்டு மாஸ்டா. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்றும் விற்கப்பட்டது. இரண்டே இருக்கைகள், துணிக் கூரை, பொனட்டுக்குள்ளிருந்து எழுந்து வரும் முன்விளக்குகள். நுவரெலியாவில் எனக்கு வேலை. போக ஏறத்தாழ 30 கிலோமீற்றர், வர அதே தூரம். ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறைதான் அது லொறியின் முதுகில் ஏறி வீடு திரும்பியிருக்கிறது. இரண்டு முறையும் குற்றவாளி நானே.

அந்த இரண்டு கதைகளிலிருந்து கற்றதைத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லப்போகிறேன். முப்பது வயதுக் காரில் எது பழுதாகும் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது. அந்தத் தேதியைக் கார் குறிப்பதற்கு முன் நீங்கள் குறித்துவிட்டால் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

வேலைக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போக முடியாதவர்களும், வீட்டில் வேறு வாகனமும் பஸ் வசதியும் இல்லாதவர்களும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஹட்டன் – நுவரெலியா பஸ் வாசலில் நிற்கிறது. அந்த பஸ் இல்லையென்றால் இந்தக் காரை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

படி 1: எந்தக் கார்?

இலங்கைக்குள் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் பழைய காரைக் கொண்டுவர முடியாது, வயது வரம்பு இருக்கிறது. ஆகவே நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவைதான் உங்கள் சந்தை. அது சிறிய சந்தை. விற்பவரும் அவருக்கு விற்றவரும் அவருடைய மெக்கானிக்கும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். காரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தால் அதன் சாதகமே கையில் வந்துவிடும்.

தேர்வுக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: அந்த எஞ்சின் ஏதாவது சாதாரணக் குடும்பக் காரிலும் இருந்ததா? என் காரின் 1.6 லீற்றர் எஞ்சின் மாஸ்டாவின் பி6 குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து எஞ்சின்கள் 323, ஃபமிலியா கார்களிலும் வந்தன. எனவே எஞ்சின் சாமான்கள் பலவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எம்எக்ஸ்-5 உலகெங்கும் பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற கார் என்பதால், இங்கே இல்லாததை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம். டொயோட்டா எம்ஆர்2, ஹொண்டா சிஆர்-எக்ஸ் போன்றவற்றையும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

பிஸ்டனுக்குப் பதில் சுழலி வைத்த ரோட்டரி எஞ்சின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் அழகுக்கு நானும் மயங்கியவன்தான். ஆனால் அதைத் தினமும் மலையேற்றி இறக்க நினைப்பவருக்குப் பணமும் பொறுமையும் இரட்டிப்பாக வேண்டும். முந்தைய உரிமையாளர் தன் ஆசைக்கு டர்போ பொருத்திய கார்களையும் தவிர்த்துவிடுங்கள். வயரிங்கில் அவர் என்ன செய்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

படி 2: பேப்பர்

பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் கையில் டோர்ச் வைத்துக்கொண்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வகைக் கார்களில் எஞ்சின் மாற்றம் சர்வசாதாரணம். மாற்றியது தவறில்லை, அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாமல் இருந்தால்தான் தலைவலி. நிறத்துக்கும் இதே கதை. 'ஓப்பன் பேப்பர்' காரென்றால், அதாவது நடுவிலே இரண்டு மூன்று பேர் கைமாறியும் யாரும் தன் பெயருக்கு மாற்றாத கார் என்றால், விலை எவ்வளவு இனித்தாலும் திரும்பி நடந்துவிடுங்கள்.

காப்புறுதியை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எளிதாகக் கிடைக்கும். இந்த வயதுக் காருக்கு முழுக் காப்புறுதி தருவதற்கு நிறுவனங்கள் தயங்கும், தந்தாலும் பெறுமதியை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

படி 3: காரைப் பார்ப்பது

மழை நாளில் போய்ப் பாருங்கள். மலையகத்தில் அதற்கு அதிகம் காத்திருக்கத் தேவையில்லை.

எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். முதலில் துரு. இந்தக் காரில் கூரையில் விழும் நீர் இருக்கைக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். தேயிலைத் தோட்ட வீதியில் சவுக்கு இலையும் சருகும் விழும் இடத்தில் நிறுத்திய காரில் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கும். அடைத்த நீர் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற வெற்றுத் தகட்டுப் பெட்டிக்குள் தேங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் பிஸ்கட் போல நொறுங்கும். துணி சுற்றிய சிறிய காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. டிக்கியின் கம்பளத்தையும் தூக்குங்கள். இந்தக் காரில் பெட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. மலிவான சாதாரண பெட்டரி வைத்து ஓட்டியிருந்தால் அமிலம் கசிந்து அடித்தகட்டைத் தின்றிருக்கும்.

அடுத்து, குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். முதலில் சில வினாடிகள் 'டிக் டிக்' என்று வால்வு லிஃப்டர் ஒலிப்பது இந்த எஞ்சினின் குணம், பயப்பட வேண்டாம். எஞ்சினின் பின்பக்கம் ஒயில் வழிந்து கியர்பெட்டி மேல் சொட்டினால் சில மெக்கானிக்குகள் பெரிய சீல் போய்விட்டதென்று கியர்பெட்டியையே இறக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது கேம் கோண உணரியின் (எஞ்சின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் பாகம்) சின்ன ரப்பர் வளையம்தான். இதைத் தெரிந்து வைத்திருந்தால், விற்பவரிடம் பேரம் பேசவும் உதவும், பிறகு கராஜில் ஏமாறாமல் இருக்கவும் உதவும்.

1989 முதல் 1991இன் முற்பகுதி வரை வந்த எஞ்சின்களில் ஒரு பிறவிக் குறை உண்டு. கிராங்கின், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டின், முன்மூக்கு குட்டை. வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றியவர் முன்பக்க போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால், புல்லியைப் பிடித்து நிறுத்தும் சாவித்தடம் தேய்ந்து, காலப்போக்கில் கிராங்கே பாழாகும். முன் புல்லியில் நான்கு பிளவுகள் தெரிந்தால் குட்டை மூக்கு, எட்டு தெரிந்தால் நீளமானது. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தள்ளாடினால் வேண்டாம். என்னுடையது குட்டை மூக்குதான், ஆடாமல் இருக்கிறது. அந்த போல்ட்டை யாரும் என் கண் படாமல் தொடக்கூடாது என்பது என் கராஜில் சட்டம்.

கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்கும்போது நம் ஊருக்கே உரிய ஒரு பொறி உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் 180 பிஎஸ்ஐ காட்டும் சிலிண்டர் அங்கே 145 அளவில்தான் காட்டும். "எஞ்சின் போய்விட்டது" என்று பதறி நல்ல காரை விட்டவர்களும் உண்டு, அதைச் சொல்லியே விலையைக் குறைத்தவர்களும் உண்டு. எண்ணைவிட, நான்கு சிலிண்டர்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைப் பாருங்கள். இதே காரணத்தால் டர்போ இல்லாத எஞ்சினின் வலுவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மேலே ஏறும்போது காணாமல் போகும். அது நோயல்ல.

ஓட்டிப் பார்ப்பது சமதரையில் வேண்டாம். இருபது நிமிடம் ஏற்றம், பிறகு இறக்கம். ஏறும்போது வெப்ப முள்ளையும் இறங்கும்போது பிரேக் நேராகப் பிடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

படி 4: முதல் மாதம்

வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகே காரை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பணம் அலங்காரத்துக்கு இல்லை. புதிய சக்கரங்களும் சத்தம் போடும் சைலன்சரும் காத்திருக்கட்டும். சைலன்சர் காத்திருப்பது பொலிஸாருக்கும் நல்லது.

முதலில் குளிரூட்டல். என் முதல் லொறிப் பயணம் இதனால்தான். ரேடியேற்றரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருப்பது வயதானால் பழுப்புப் பச்சையாக மாறும். அப்படி நிறம் மாறியிருப்பதை வாங்கிய அன்றே பார்த்தேன். "அடுத்த மாதச் சம்பளத்தில்" என்றேன். நானுஓயா ஏற்றத்தில் அது நீளவாக்கில் வெடித்தது. இப்போதும் அந்த வளைவைக் கடக்கும்போது பொனட்டிலிருந்து ஆவி எழுந்த காட்சி கண்முன் வரும். ரேடியேற்றர், மேல் கீழ் ஹோஸ்கள், எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹீட்டர் ஹோஸ்கள், தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு), ரேடியேற்றர் மூடி என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.

மூடி ஒரு சின்ன சாமான், ஆனால் உயரத்தில் அதுதான் காவலாளி. நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் ஓடுவது 85 முதல் 90 பாகையில். நடுவில் இருப்பது நான்கு முதல் ஒன்பது பாகைதான். நல்ல மூடி உள்ளே அழுத்தம் கொடுத்துக் கொதிநிலையை 110 பாகைக்கு மேல் தள்ளிவிடும். அதன் ரப்பர் காய்ந்துவிட்டால் கொழும்பில் ஒருவேளை தப்பிக்கலாம், இங்கே முடியாது.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் நாட்டில் பரவலான வைத்தியம். கீழ்நாட்டு வெயிலில் அது பிழைத்துப் போகலாம். மலையில் பனிக்காலக் காலைகளில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போகும்போது எஞ்சின் சூடேறவே மாட்டாது. கணினி அதிக பெற்றோல் ஊற்றிக்கொண்டே இருக்கும், அது ஒயிலில் கலக்கும், கடைசியில் புகைப் பரிசோதனையிலும் தோற்பீர்கள். முந்தையவர் கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

பிறகு டைமிங் பெல்ட். ரசீது இல்லாத பெல்ட் மாற்றப்படாத பெல்ட். 100,000 கிலோமீற்றர் கணக்கை நம்பாதீர்கள், மீற்றர் முள் என்ன சொன்னாலும் ரப்பருக்கு வயது வேறு. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாது என்பது ஆறுதல். ஆனால் கார் நின்ற இடம் பனிமூட்டத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவாக இருந்தால் அந்த ஆறுதலால் என்ன பயன்? பெல்ட்டோடு தண்ணீர் பம்பையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

அடுத்தது பிரேக். நானுஓயாவின் ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் மாண்ட செய்தியை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செங்குத்து இறக்கத்தில் பிரேக் ஒரு வசதி அல்ல, உயிர். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை புதிதில் 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 155 பாகைக்கு இறங்கக்கூடும். கொதித்தால் குமிழ் உருவாகும், மிதி தரைக்குப் போகும். இங்கே ஆண்டில் பாதி நாள் மழையும் பனியும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுகிறேன். ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் மாற்றுங்கள். பின் சக்கரங்களின் கலிப்பர்கள் (பிரேக் பட்டையை அழுத்தும் பிடிகள்) இறுகிக்கொள்வது இந்தக் காரின் தெரிந்த வியாதி. கைப்பிரேக் பிடிக்காமல் இருந்தாலோ பிடித்தது விடாமல் இருந்தாலோ அங்கே பாருங்கள். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை ஈர வீதியில் நம்ப வேண்டாம். இது பின்சக்கர இழுவைக் கார், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, காற்றுப்பையும் கிடையாது.

கடைசியாக கிளட்ச் சிலிண்டர். இரண்டாம் லொறிப் பயணத்துக்குக் காரணம் இதுதான். கியர்பெட்டி அருகே இருக்கும் அந்தச் சின்ன உருளையின் ரப்பர் கிழிந்தால் மிதி படுத்துவிடும், கியர் விழாது. ஒயில் கிண்ணத்தில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஊற்றி ஊற்றி ஓட்டினேன். லிந்துலையில் நின்றது. ஹட்டனில் என் காரைப் பார்க்கும் அண்ணன் அன்று சொன்னார்: "தம்பி, வருத்தம் வந்தபிறகு கொண்டுவந்தால் என் விலை. வரும்போலத் தெரிந்ததும் கொண்டுவந்தால் உங்கள் விலை."

படி 5: தினசரி ஓட்டம்

குளிர்ந்த எஞ்சினை உறுமவிடாதீர்கள். வெப்ப முள் எழும்வரை மூவாயிரம் சுற்றுக்குள் ஓட்டினால் போதும். பெற்றோல் 92 ஒக்டேன் இந்த எஞ்சினுக்குத் தாராளம். 95 ஊற்றினால் கடைக்காரருக்குத்தான் வலு கூடும்.

இறக்கத்தில், ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். லபுக்கலையிலிருந்து இறம்பொடை நோக்கியும், கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கும் இறங்கும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கார் உங்களுக்கு வேண்டாம். பிரேக்கை அழுத்திப் பிடித்து விடுங்கள், தேய்த்துக்கொண்டே வராதீர்கள். பின்னால் வரும் தனியார் பஸ் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு இது மானப் பிரச்சினை போலத் தோன்றும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

எழும் விளக்குகளைப் பற்றி ஒரு சொல். ஹக்கலைப் பக்கம் பனிமூட்டத்துக்குள் என் காரின் ஒரு கண் எழுந்தது, மறு கண் எழவில்லை. பொனட்டைத் திறந்தால் விளக்கை உயர்த்தும் மோட்டாரின் முனையில் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு திருகு இருக்கும், கையாலேயே சுற்றி உயர்த்தலாம். இதை ஒரு வெயில் நாளில், வீட்டு வாசலில் செய்து பழகிவிடுங்கள். நான் அன்று மழைக்குள் நின்று பழகினேன்.

துணிக் கூரையை ஈரமாக மடிக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். குளிர்ந்த காலையில் பின் பிளாஸ்டிக் கண்ணாடியை ஸிப் திறந்து தட்டையாகப் படுக்கவைக்காமல் கூரையை இறக்கினால் அது விரிசல் விடும். வடிகுழாய்களை மாதம் ஒரு முறை மெல்லிய நைலோன் கம்பியால் தூர் எடுங்கள். வேகமாகக் குத்தினால் குழாயே உள்ளே கழன்றுவிடும். எங்கள் லயத்துப் பூனைகளுக்கு வெயில் பட்ட துணிக் கூரை மெத்தை. அதற்கு மட்டும் நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

தோட்ட வீதிகளில் கார் வயிறு தட்டும். கொங்கிரீட் போட்ட இரண்டு தடங்களுக்கு நடுவே புல் வளர்ந்த மேடு இருக்கும் பாதைகளில் நான் போவதில்லை, கோயில் திருவிழா என்றாலும் பெரிய வீதியில் நிறுத்திவிட்டு நடக்கிறேன்.

மழையைவிடப் பெரிய எதிரி ஓட்டாமல் நிறுத்திவைப்பதுதான். 2022 எரிபொருள் நெருக்கடியில் வாரத்துக்கு 20 லீற்றர் என்ற கோட்டாவில் காரை வாரக்கணக்கில் நிறுத்தியிருந்தேன். அந்த ஆண்டில்தான் அதிகப் பழுது வந்தது: கலிப்பர் இறுகியது, பெட்டரி செத்தது, சீல் காய்ந்தது. தினமும் ஓட்டினால் கெட்டுவிடும் என்று பயந்து தார்ப்பாய் போர்த்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 6: டிக்கியில் என்ன?

கூலன்ட் இரண்டு லீற்றர், பிரேக் ஒயில் ஒரு போத்தல், ஃபியூஸ்கள், தலையில் மாட்டும் டோர்ச், இரண்டு ஹோஸ் கிளிப், ஒரு பெல்ட், மழை அங்கி, சக்கரத்துக்கு அடைகொடுக்க ஒரு மரக்கட்டை. சரிவில் ஜாக் போடும்போது அந்தக் கட்டையின் அருமை தெரியும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் காரைத் தட்டையாக ஏற்றும் லொறிக்காரர் ஒவ்வொருவரின் இலக்கமும் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். கயிறு கட்டி இழுப்பது இந்த வளைவுகளில் வேண்டாம்.

படி 7: கொப்பி

நாற்பது பக்க பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். மாற்றிய சாமான், தேதி, கிலோமீற்றர், விலை, அடுத்த முறை எப்போது என்பதை எழுதுங்கள். இந்தக் கடைசி நிரல்தான் முக்கியம். என்னுடையதில் கிளட்ச் சிலிண்டர் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஹோஸ்கள் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பெட்டரி நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. நன்றாக இருக்கும்போதே கழற்றுகிறேன், பழையதை டிக்கியில் உதிரியாக வைக்கிறேன்.

வருமான அனுமதிப்பத்திரம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புகைப் பரிசோதனைக்குப் போங்கள், தோற்றால் திருத்த நேரம் இருக்கும். இருபது நிமிடம் ஏற்றத்தில் ஓட்டி, எஞ்சினும் புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரும் நன்றாகச் சூடான நிலையில் நேராகப் போய் வரிசையில் நில்லுங்கள்.

விற்கும் நேரம் எப்போது என்று சிலர் கேட்பார்கள். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம், கியர்பெட்டிக்கும் அப்படியே. கதவுக்குக் கீழுள்ள சில்கள் இரண்டும் உள்ளுக்குள் அழுகி, கதவு மூடும்போது இடைவெளி மாறத் தொடங்கினால் மட்டும் கணக்குப் போடுங்கள். வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலை காரின் விலையில் பாதியைத் தாண்டினால் கைமாற்றிவிடலாம்.

என் காரின் இடது கதவுக்குக் கீழுள்ள சில்லில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கொப்புளம் எழுந்திருக்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் வெட்டி ஒட்ட வேண்டும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலமும் கார்ப் பந்தயங்களும் வந்துவிட்டால் எந்தக் கராஜிலும் ஆள் பிடிக்க முடியாது. கொப்பியில் மார்ச் முதல் வாரம் என்று எழுதியிருக்கிறேன். அந்த வாரம் பஸ்ஸில்தான் போவேன்.